கீழேயிருந்து பார்த்த தோட்டம்

நான் பிறந்த இடத்தில் 'தோட்டம்' என்று சொன்னால் தேயிலை என்றுதான் அர்த்தம். ஹேவாஹெட்டப் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயமொன்றில் பிறந்தவள் நான். தோட்டத்தில் வேலை, தோட்டத்து ஆஸ்பத்திரி, தோட்டத்துப் பள்ளிக்கூடம். பூச்செடிகள் வைத்த தோட்டம் துரையின் பங்களாவில் இருந்தது. நாங்கள் அதை வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறோம். பிறகு படித்து ஆசிரியையாகிக் கண்டிக்கு வந்தேன். கட்டுகஸ்தோட்டை வீதியில் ஒரு மேல்மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தபடியே வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். என்னிடம் இருப்பது ஒரு பல்கனியும் அதில் மண் நிரப்பிய சில பெயின்ட் வாளிகளும்தான்.

அதனால்தான், கண்டிப் பக்கத்தில் செடி வளர்க்கும் சிலர் சேர்ந்து வருஷத்துக்கு ஒருமுறை ஒரு சனி, ஞாயிறு தங்கள் வீட்டுத் தோட்டங்களை வெளியாருக்குத் திறந்துவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன். வாடகைக்குப் பிடித்த ஒரு வானில் எல்லோரும் ஏறிக்கொண்டு வீடு வீடாகப் போவோம். கேட்டில் மூன்று மொழியிலும் ஒரு போர்டு தொங்கும்: தோட்டம் பார்க்க வரலாம். அந்த இரண்டு நாளும் எந்த வேலிக்கும் வெளியே நிற்கத் தேவையில்லை.

என்னோடு வருபவர் என் பாடசாலையில் கணிதம் படிப்பித்த டீச்சர். அக்குறணைக்காரர், முஸ்லிம். அவருடைய வீட்டில் தோட்டம் இருக்கிறது, ஆனால் பேரப்பிள்ளைகள் ஒரு பூவையும் விட்டுவைப்பதில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவோம். ஓய்வு பெற்ற பிறகும் அது மாறவில்லை.

கடுகண்ணாவைக்கு மேலே, பாதையை விட்டு ஏறிப்போனால் வரும் ஒரு வீடுதான் எனக்கு அந்தச் சுற்றிலேயே பிடித்த வீடு. அங்கே இருந்தவர் ரயிலில் கார்டாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி தாதி. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் நர்சம்மா. அவர்களும் என்னைப் போலத் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த குடும்பம், என்னைப் போலவே வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். அதனால் போன முதல் வருஷமே நர்சம்மா என்னைக் குசினிக்குள் அடுப்படி வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

முதல் வருஷம் அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. வாசலில் ரோஜாக்கள், ஓரத்தில் பன்னச் செடிகள். வீட்டுக்குக் கீழே செங்குத்தான சரிவு, அதில் மானாப்புல். "அடுத்த வருஷம் வாங்க டீச்சர், இந்தச் சரிவை என்ன செய்யிறேன்னு பாருங்க" என்றார் நர்சம்மா. அடுத்த வருஷம் சரிவை வெட்டி, கருங்கல் அடுக்கி, படிபோல ஒரு மேடை கட்டியிருந்தார். அதில் அந்தூரியம். அதற்கடுத்த வருஷம் அதற்குக் கீழே இன்னொரு மேடை. அதில் ஹைட்ரேஞ்சியா, ஒரு மல்லிகைப் பந்தல். ஒவ்வொரு தடவையும் வானிலிருந்து இறங்கும்போதே "இந்த முறை என்ன புதுசு?" என்று நாங்கள் கேட்போம். கார்டு ஐயா சிரித்துக்கொண்டு, "வேலையில இருந்தப்ப கொடி மட்டும்தான் தூக்குனேன், இப்ப கல்லு தூக்க வச்சிட்டா" என்பார்.

கடைசியாக நாங்கள் நர்சம்மாவைப் பார்த்தபோது புதிதாக இருந்தது குளம். ஆகக் கீழ் மேடையின் விளிம்பில், கொங்கிரீட் போட்டு, சுற்றிக் கூழாங்கல் பதித்த குளம். அல்லி அப்போதுதான் இலை விட்டிருந்தது. தண்ணீரில் வானம் தெரிந்தது. குளத்துக்கு அப்பால் ஒன்றுமே இல்லை, பள்ளத்தாக்கும் தூரத்து மலைகளும்தான். எல்லோரும் வரிசையில் நின்று அங்கே படம் எடுத்துக்கொண்டோம். விளிம்புக்குக் கீழே ஒரு தகரக் கூரை தெரிந்தது ஞாபகம் இருக்கிறது. படத்தில் அது வராமலிருக்க யாரோ எங்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

பிறகு அந்த மழை வந்தது. மலைநாட்டில் இருந்தவர்களுக்கு எந்த மழை என்று சொல்லத் தேவையில்லை. மின்சாரம் போய், போன் போய், பாதைகள் அடைபட்டு, யார் இருக்கிறார்கள் யார் இல்லை என்று தெரியாமல் கிடந்த நாட்கள். போன் திரும்பி வந்த பிறகுதான் கடுகண்ணாவைச் செய்தி கிடைத்தது. காலை வேளையில் வீட்டுக்குக் கீழே இருந்த சரிவு முழுவதும் இறங்கிவிட்டது. தோட்டத்தில் நின்ற நர்சம்மா மண்ணோடு போய்விட்டார். அந்த மண் கீழே இருந்த தகரக் கூரை வீட்டின்மேல் விழுந்தது. அந்த வீட்டில் ஒரு கிழவியும் அவருடைய பேத்தியும் இருந்தார்கள். பேத்தி இரண்டாம் வகுப்பு. இரண்டு பேரையும் உயிரோடு எடுக்க முடியவில்லை. பிள்ளையின் தாய் சாப்பிடப் பாணும் மெழுகுதிரியும் வாங்கப் பாதைக்குப் போயிருந்தபடியால் தப்பினாள். தகப்பன் வேலைக்காகக் கட்டார் நாட்டில்.

அடக்கத்துக்கு நான் போகவில்லை. போகப் பாதை இருக்கவில்லை.

இந்த வருஷம் தோட்டச் சுற்று நடக்காது என்றுதான் நினைத்தேன். ஆனால் நடத்தினார்கள். ஆட்கள் வெளியே வர வேண்டும், மனம் மாற வேண்டும் என்று ஒழுங்குசெய்யும் சிங்களப் பெண்மணி சொன்னார். அவர் நல்லவர், மழைக் காலத்தில் தன் வீட்டிலேயே இரண்டு குடும்பங்களை வைத்துச் சோறு போட்டவர். காலையில் பேராதனைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனோம். ஓர்க்கிட் வரிசை வரிசையாகப் பூத்திருந்தது. எல்லோரும் மெல்லிய குரலில் பேசினார்கள். யாரும் வழக்கம்போலச் செடிக்கன்று கேட்கவில்லை. போகும் வழியெல்லாம் மலைகளில் சிவப்புக் கீறல்கள். முதல் கொஞ்ச நேரம் யாராவது ஒருவர் கையை நீட்டிக் காட்டினார்கள், பிறகு அதையும் விட்டுவிட்டார்கள்.

வான் திரும்பவும் புறப்பட்டபோது அந்தப் பெண்மணி எழுந்து நின்று ஒரு விஷயம் சொன்னார். கடுகண்ணாவை வீட்டை இந்த முறை சேர்க்கவில்லையாம். ஆனால் கார்டு ஐயா தானாகவே போன் எடுத்து, "என் வீட்டை ஏன் விட்டீங்க? நான் போர்டு போட்டிருக்கேன், வாங்க" என்றாராம். போவதா வேண்டாமா என்று எங்களைக் கேட்டார். சிலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒருவர், போனால் அந்த மனிதரை இன்னும் நோகடிப்பதாகிவிடும் என்றார்.

"மௌத்து நடந்த வீட்டுக்காரர் வாங்கன்னு கூப்பிட்டிரிக்கார்," என்றார் என் பக்கத்தில் இருந்த அக்குறணை டீச்சர். "போகாம எப்படி இரிக்கிற? நாங்க போற பாதையிலயே இரிக்கிற வீடு."

போனோம்.

கேட்டில் அதே போர்டு. கார்டு ஐயா வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, வாசலில் நின்றார். நன்றாக மெலிந்திருந்தார். முற்றத்தில் கதிரைகள் போட்டிருந்தன. மேசையில் பட்டிஸும் கேக்கும், பிளாஸ்கில் தேத்தண்ணீரும். நர்சம்மா வைப்பதைப் போலவே கோப்பைகளுக்குக் கீழே சின்னச் சின்னத் துணிகள். நான் அவருடைய கையைப் பிடித்தேன். "வாங்க டீச்சர், தேத்தண்ணி குடிச்சிட்டுப் பாப்போம். மேல் மேடை இன்னும் இருக்கு" என்றார்.

எங்களைக் கூட்டிக்கொண்டு நடந்தார். ரோஜாக்களுக்குத் தண்ணீர் விட்டிருந்தார், ஆனால் கத்தரிக்கவில்லை. கொம்புகள் நீண்டு வளைந்து கிடந்தன. செடிகளின் பெயரைச் சொல்ல முயன்றார். பிகோனியாவை அந்தூரியம் என்றார். யாரும் திருத்தவில்லை. மேல் மேடையின் நடுவில் ஒரு நைலோன் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அப்பால் ஓரிரண்டு அடி புல். அதற்கப்பால் வெட்டிவிட்டதுபோல வெறும் வெளி.

கயிற்றில் கையை வைத்துக்கொண்டு அவர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"நான் ஒரு காரியத்துக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டேன். எனக்குச் செடி கொடி ஒன்னும் தெரியாது. நீங்க எல்லாம் தெரிஞ்சவங்க. இந்தத் தோட்டம் கட்டும்போது வருஷா வருஷம் வந்து பாத்தவங்க. நேராச் சொல்லுங்க. இந்தத் தோட்டம்தானா அந்த வீட்டு மேல விழுந்துச்சு? சரிவை வெட்டாம விட்டிருந்தா, அந்தக் குளம் இல்லாம இருந்திருந்தா, அந்தப் புள்ளை இருந்திருக்குமா?"

காற்றில் கயிறு ஆடிக்கொண்டிருந்தது. ஒழுங்குசெய்யும் பெண்மணி மெதுவாக, சிங்களத்தில், அன்றைக்கு மலை முழுவதுமே இறங்கியது, தோட்டமே இல்லாத இடங்களிலும் இறங்கியது, தன்னை வருத்திக்கொள்ள வேண்டாம் என்றார். அதுவும் உண்மைதான். "வந்து பாத்த ஆபீசர்மாரும் அதைத்தான் சொன்னாங்க" என்றார் கார்டு ஐயா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "டீச்சர்?"

"எனக்குத் தெரியலங்க" என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. ஆனால் "என்ன புதுசு?" என்று கேட்டுக்கொண்டே இந்தப் படிகளில் இறங்கியது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு மேடையும் யாருக்குக் காட்டக் கட்டப்பட்டது என்று யோசித்தால், அதில் நின்று படம் எடுத்த எங்கள் எல்லோருடைய முகமும் வந்தது.

அப்போது கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

முப்பது வயதிருக்கும் ஒரு பெண். வேலைக்குப் போட்டுப் போகும் பாவாடை, சட்டை, கையில் குடை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு முற்றத்தில் ஏறினாள். கார்டு ஐயாவின் முகம் மாறியதைப் பார்த்துத்தான் யாரென்று எனக்கு விளங்கியது. கீழ் வீட்டுக்காரி. பிள்ளையின் தாய்.

"வாம்மா," என்றார் அவர்.

"எல்லாரும் வந்து பாக்கலாம்னு போர்டு போட்டிருக்குங்க ஐயா. கடைக்குப் போற வழியில பாத்தேன். அதான் வந்தேன்."

"நீ வரலாம்மா. எப்பவும் வரலாம்."

"இத்தனை வருஷம் கீழயே இருந்தோம், ஒரு நாளும் மேல வந்து பாத்ததில்லங்க."

அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. தேத்தண்ணீரும் எடுக்கவில்லை. எங்களைத் தாண்டி மேடைக்கு வந்து ஒவ்வொரு செடியாகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். எதையும் தொடவில்லை. வானில் வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மேடையின் ஓரத்தில், கீழ் மேடைப் பந்தலிலிருந்து பிய்ந்து மேலே மிஞ்சிய மல்லிகைக் கொடி திரும்பத் துளிர்த்திருந்தது. அதற்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள்.

"இந்தக் கொடிதான் எங்க கூரை மேல கெடந்துச்சு," என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "அதை வெட்டி இழுத்துப் போட்டுட்டுத்தான் மகளை எடுத்தாங்க. தலையெல்லாம் பூ."

அக்குறணை டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்தப் பெண் கார்டு ஐயாவின் பக்கம் திரும்பினாள். "நீங்க கேட்டது எனக்குக் கேட்டுச்சுங்க. வாசலுக்கு வெளிய நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். இவங்களுக்கு எப்படித் தெரியும்? என்கிட்ட கேட்டா நான் சொல்வேன்ல."

"சொல்லும்மா."

"குளம் கட்டுனதுக்கு அப்புறம் எங்க குசினிச் சுவர் காயவே இல்லங்க. வெயில் காலத்துலயும் ஈரம். மாமியார் சொல்லச் சொன்னாங்க. நான் பாதையில வச்சு நர்சம்மாகிட்ட சொன்னேன். அவங்க கோபப்படல. ஒடனே கீழ எறங்கி வந்தாங்க. சுவர்ல கையை வச்சுப் பாத்தாங்க. 'ஓம்மா, இது சரியில்ல, குளத்துல எங்கேயோ கசியுது, தண்ணியை எறக்கிட்டுப் பாக்கணும்'னாங்க." எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "'ஆனா அடுத்த கிழமை தோட்டம் பாக்க ஆளுங்க வர்றாங்க. அவங்க பாத்துட்டுப் போகட்டும், அப்புறம் எறக்கிடுறேன்'னாங்க."

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னைச் சுற்றி நின்ற கால்களும் அசையவில்லை.

"இவங்க வந்தாங்க, பாத்துட்டுப் போனாங்க. அப்புறம் அல்லி மொட்டு விட்டுடுச்சு. பூ முடியட்டும்னாங்க. அதுக்குள்ள மழை வந்துடுச்சு."

கார்டு ஐயா கயிற்றை விட்டுவிட்டார். "அவ என்கிட்ட ஒன்னும் சொல்லலியே," என்றார். பிறகு, "நீயும் சொல்லலியே. அப்புறம் எத்தனை தடவை உன்னைப் பாத்தேன்? அடக்கத்துல பாத்தேன், கோயில்ல பாத்தேன்."

"நீங்க கேக்கலங்களே ஐயா."

அவர் கயிற்றைத் திரும்பப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொன்னும் சொல்லணும்," என்றாள் அவள். "அன்னைக்குக் காலைல நான் பாதைக்கு ஏறும்போது நர்சம்மா மழைக்கோட்டு போட்டுக்கிட்டு மேடையில எறங்குறதைப் பாத்தேன். கையில மம்பட்டி. 'தண்ணியைத் தொறந்துவிடப் போறேன், நீ மாமியாரையும் புள்ளையையும் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துடு'ன்னு கத்துனாங்க. சரின்னு சொன்னேன். பாணை வாங்கிட்டு வந்து கூட்டிக்கிட்டுப் போகலாம்னு நெனைச்சேன். அதையும் நான் சொல்லாம விடக்கூடாதில்ல."

அவள் அழவில்லை. எல்லாவற்றையும் கடையில் சாமான் சொல்வதைப் போன்ற குரலில் சொன்னாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, "ஒருக்கா கீழ வந்து பாருங்க ஐயா," என்றாள். "நீங்க அதுக்கப்புறம் கீழ வரவே இல்ல."

வானில் வந்தவர்கள் மெல்ல மெல்ல முற்றத்துக்குத் திரும்பினார்கள். பிலிமத்தலாவையில் அடுத்த வீடு காத்திருந்தது. ஒழுங்குசெய்யும் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, போக வேண்டும் என்று என்னிடம் சைகை காட்டினார். நீங்கள் போங்கள், நாங்கள் பஸ்ஸில் வருகிறோம் என்றேன். அக்குறணை டீச்சர் ஏற்கெனவே அந்தப் பெண்ணுக்கும் கார்டு ஐயாவுக்கும் பின்னால் இறங்கத் தொடங்கியிருந்தார். இந்த மனிதரைத் தனியாக விட முடியாது என்றுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றியது.

வீட்டுக்குப் பக்கத்தால் ஒரு ஒற்றையடிப் பாதை வளைந்து இறங்குகிறது. அவள் முன்னால் போனாள். கார்டு ஐயா ஒவ்வொரு அடியும் யோசித்து வைத்தார். கீழே வீடு இருந்த இடத்தில் மண்தான் இருந்தது. அதில் அதற்குள் புல் முளைத்துவிட்டது. தகரங்களை யாரோ எடுத்துப்போயிருந்தார்கள். சீமெந்துத் தரையில் ஒரு மூலை மட்டும் வெளியே தெரிந்தது.

"இதுதான் குசினி," என்றாள். "இங்க நின்னு மேல பாருங்க."

பார்த்தார். நாங்களும் பார்த்தோம். அங்கிருந்து பார்த்தால் ஒரு பூவும் தெரியாது. சிவந்த மண் சுவர், அதில் அறுந்து தொங்கும் வேர்கள், பாதி பிடுங்கப்பட்ட கருங்கற்கள். அவற்றின் நடுவே வெறும் காற்றில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பைப். குளத்துத் தண்ணீரைத் திறந்துவிட வைத்திருந்த பைப் அது. அதன் வாயில் மூடி அப்படியே இருந்தது. நர்சம்மா அது வரைக்கும் போய்ச் சேரவில்லை.

கார்டு ஐயா அந்தச் சீமெந்து மூலையில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைச் சட்டையெல்லாம் மண். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, சத்தம் போட்டு அழுதார். அந்தப் பெண் அவரைத் தேற்றவில்லை. விட்டுப் போகவுமில்லை. குடையை விரித்து அவருக்கு வெயில் படாமல் பிடித்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பியபடி நின்றாள். கடைக்கு நேரமாகியிருக்கும். அவள் அதைச் சொல்லவில்லை.

மேலே திரும்பி வந்து, நாங்களே கோப்பைகளைக் கழுவி வைத்தோம். யாரும் தொடாத பட்டிஸை அக்குறணை டீச்சர் மூடி வைத்தார். வரும் வழியில் பஸ்ஸில் அவர் ஒரே ஒரு தடவைதான் பேசினார். "அந்தப் படம் என்ட போன்ல இன்னம் இரிக்கி டீச்சர். குளத்துக்கிட்ட நிண்டு எடுத்தது. அழிக்கவும் ஏலா, வெச்சிக்கவும் ஏலா."

அடுத்த மழைக்கு முன்னால் கார்டு ஐயா வத்தளையில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த வீட்டில் மழைக் காலத்தில் இருக்கக்கூடாது என்று அதிகாரிகள் முன்பே சொல்லியிருந்தார்கள். போகும்போது செடிகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டைத் திறந்து விட்டாராம். நான் போகவில்லை.

அந்தப் பெண்ணை மட்டும் பிறகு ஒருநாள் பார்த்தேன். கடுகண்ணாவையில் அவள் வேலை செய்யும் பலசரக்குக் கடைக்கு முன்னால் பஸ் நின்றபோது, யோசிக்காமல் இறங்கிவிட்டேன். என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அண்ணன் வீட்டில் ஒரு அறையில் இருக்கிறாளாம். வீடு கட்டக் காணி தருவதாக அரசாங்கத்தில் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் தரவில்லை. புருஷன் அடக்கத்துக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போனவர், போனில் அதிகம் பேசுவதில்லை.

கார்டு ஐயாவைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

"மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை வத்தளையிலேருந்து ரயில்ல வர்றாருங்க. கல்லறையில நர்சம்மாவுக்கு மெழுகுதிரி கொளுத்திட்டு, மகளுக்கும் கொளுத்துறாரு. அங்கேயே ரொம்ப நேரம் நிக்கிறாரு. வர வேணாம்னு சொல்லணும்னு ஒவ்வொரு தடவையும் நெனைச்சுக்கிட்டுத்தான் போறேன். எனக்கு அவரைப் பாக்கப் புடிக்கல டீச்சர். ஆனா வாய் வர மாட்டேங்குது. அவரும் வரலன்னா, அந்தப் புள்ளை பேரைச் சொல்லி ஜெபம் பண்ண அங்க என்னைத் தவிர வேற யாரு இருக்கா?"

யாரோ பருப்புக் கேட்டு வந்தார்கள். அவள் தராசின் பக்கம் திரும்பினாள்.